மூன்றாவது டிகிரிக்கு அப்புறம் எது? ஃப்ரீமேசன் ‘மேல் டிகிரி’கள், ஒரு மும்பைத் தமிழரின் ஒப்பீடு

கல்யாணமான புதிதில் ஒரு சனிக்கிழமை, கறுப்பு கோட்டை மாட்டிக்கொண்டு “லாட்ஜுக்குப் போய்ட்டு வரேன்” என்று கிளம்பினேன். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த மாமியார் அதற்கப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. முலுண்டில் சொந்த வீடு இருக்கும்போது ஒரு மனுஷனுக்கு லாட்ஜில் என்ன வேலை? என் மனைவி பொறுமையாக எடுத்துச் சொன்னாள்: அது அந்த லாட்ஜ் இல்லை, கொத்தனார் தொழிலின் சின்னங்களை வைத்து ஒழுக்கம் பேசும் ஃப்ரீமேசன்கள் என்ற சகோதர சங்கத்தார் கூடும் சபை, இவர் அங்கே ஒரு டிகிரி வாங்கப் போகிறார் என்று. “இந்த வயசுல தபால்ல படிக்கிறாரா?” என்று கேட்டார் மாமியார்.

எங்களிடம் ‘டிகிரி’ என்றால் சடங்கோடு கிடைக்கும் ஒரு நிலை. அந்தச் சொல்லின் குழப்பம் என்னை விட்டு இன்னும் போகவில்லை. போன மாதம் சிஎஸ்எம்டி ரயில் நிலையத்தில் டோம்பிவிலி ஃபாஸ்ட் லோக்கலுக்காக நின்றபோது, எங்கள் லாட்ஜில் புதிதாகச் சேர்ந்த தமிழ்ப் பையன் ஒருவன் பிடித்துக்கொண்டான்.

“அண்ணா, மூணாவது டிகிரி முடிஞ்சு மூணு மாசம்கூட ஆகலை, அதுக்குள்ள நாலு பேர் ஃபாரம் நீட்டிட்டாங்க. ஒருத்தர் ராயல் ஆர்ச்ங்கறார், ஒருத்தர் மார்க்ங்கறார், இன்னொருத்தர் நேரா பதினெட்டாவது டிகிரிங்கறார். நாலுலேர்ந்து பதினேழு வரைக்கும் எங்க போச்சுன்னு கேட்டா சிரிக்கிறார்.”

இதே கேள்வியோடு என்னிடம் வருகிற எத்தனையாவது ஆள் அவன் என்று எனக்கே நினைவில்லை. அதனால்தான் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் சேர்ந்து 14 வருடம் ஆகிறது. ராயல் ஆர்ச்சிலும் மார்க்கிலும் இருக்கிறேன். மற்ற இரண்டிலும், அதாவது அந்தப் பதினெட்டாவது டிகிரி வரும் ஏன்ஷியன்ட் அண்ட் அக்செப்டட் ரைட் (ரைட் என்றால் சடங்கு வரிசை), நைட்ஸ் டெம்ப்ளர் ஆகியவற்றில் இல்லை. அந்த இரண்டையும் வெளிப்படையாகத் தெரிந்த விதிகளை வைத்தும், அங்கே இருக்கும் நண்பர்களின் வாழ்க்கையை வைத்தும்தான் எடை போடுகிறேன். சைகை, கடவுச்சொல் எதுவும் இங்கே வராது. அதில் ஆர்வம் உள்ளவர்கள் வருத்தப்படவும் வேண்டாம்: 1730லேயே லண்டனில் சாமுவேல் பிரிச்சர்ட் என்பவர் அன்றைய சடங்குகளை அச்சடித்து விற்றுவிட்டார்.

‘மேல்’ என்பது எங்கிருந்து வந்தது

ஃப்ரீமேசன்ரியின் அடிப்படை மூன்று டிகிரி: என்டர்ட் அப்ரண்டிஸ், ஃபெலோ கிராஃப்ட், மாஸ்டர் மேசன். கொத்தனார் தொழிலில் எடுபிடியாகச் சேர்ந்து, தொழில் கற்று, மேஸ்திரி ஆவது மாதிரி. இந்த மூன்றும் ஆதியிலிருந்தே இருந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். 1717 ஜூன் 24 அன்று லண்டனில் முதல் கிராண்ட் லாட்ஜ், அதாவது லாட்ஜுகளின் தலைமைச் சபை, கூடியபோது மூன்றாவது டிகிரி இன்றைய வடிவில் இல்லை. அது 1720களில்தான் உருவாகி வருகிறது. மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் முதல் அச்சுப் புத்தகமே பிரிச்சர்டுடையதுதான். ஆக, நாம் அஸ்திவாரம் என்று நினைக்கும் மூன்றாவதும் ஒரு காலத்தில் புதிதாக வந்து ஒட்டிக்கொண்ட ‘மேல் டிகிரி’தான்.

1813 டிசம்பரில் இங்கிலாந்தின் இரண்டு போட்டி கிராண்ட் லாட்ஜுகள் ஒன்றாகச் சேர்ந்தபோது எழுதிய ஒப்பந்தம் இன்னும் வேடிக்கை. தூய பண்டைய மேசன்ரியில் இருப்பவை மூன்றே மூன்று டிகிரிகள், அதற்கு மேல் கிடையாது என்கிறது. அதே மூச்சில், அந்த மூன்றுக்குள் ராயல் ஆர்ச்சும் அடக்கம் என்கிறது. நம்மூர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்பு மாதிரி, இரண்டு தரப்பும் வீட்டுக்குப் போய் ‘ஜெயித்தோம்’ என்று சொல்லிக்கொள்ள வசதியான வாசகம்.

இதில் நமக்கு வேண்டியது ஒன்றுதான். 18, 30, 33 என்ற எண்களைப் பார்த்து மாடி மாடியாகக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். பழைய மும்பைச் சால்களில் ஒரே வராந்தாவை ஒட்டி வரிசையாக அறைகள் இருக்குமே, அப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அறைக்கும் வேறு குடும்பம், வேறு வாடகை. வராந்தா எல்லோருக்கும் பொது, அதுதான் மாஸ்டர் மேசன். லாட்ஜுக்குள் 33ஆவது டிகிரிக்காரரும் தன் லாட்ஜ் மாஸ்டர் சொல்வதைக் கேட்டு உட்கார வேண்டியவர்தான்.

எதை வைத்து எடை போடுவது

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஐந்து. மூன்றாவது டிகிரி சொல்லாத எதையாவது இது சொல்கிறதா என்பது முதலாவது. அடுத்தது சமய நிபந்தனை, அதாவது கதவு உங்களுக்குத் திறக்குமா என்பது. மூன்றாவதாக வரிசை, எதை முடித்தால் எதில் சேரலாம் என்பது. நான்காவது, வருடத்தில் எத்தனை மாலை போகும், எத்தனை பக்கம் மனப்பாடம் செய்ய வேண்டும். பணம் கடைசி.

பணத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. சேர்க்கைக் கட்டணமும் வருடச் சந்தாவும் வாயைத் திறந்து கேட்டால் தெரிந்துவிடும். ரசீதில் வராதவைதான் கடிக்கும். ஒவ்வோர் அமைப்புக்கும் தனி ஏப்ரன், தனிப் பட்டை, தனிப் பதக்கம். பதவி உயர்ந்தால் அதுவும் மாறும். கூட்டம் முடிந்து சாப்பாட்டுக்குப் பங்கு, தர்ம நிதிக்குத் தட்டு, வெளியூர் விழாவுக்கு ரயிலும் அறையும். அப்புறம் மும்பைக்கே உரிய செலவு, தூரம். முலுண்டிலிருந்து கோட்டைப் பகுதியில் இருக்கும் ஃப்ரீமேசன்ஸ் ஹாலுக்குப் போய், சடங்கு முடித்து, சாப்பிட்டு வீடு திரும்ப எனக்கு ஆறு மணி நேரம். டோம்பிவிலிக்காரருக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் கூட. ஜூலையில் குர்லாவிலோ சயனிலோ தண்டவாளத்தில் தண்ணீர் நின்றால் கணக்கே கிடையாது.

| வழி | முன் தகுதி | சமய நிபந்தனை | மையப் பாடம் | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|
| மூன்றோடு நிற்பது | ஏற்கெனவே இருக்கிறது | கடவுள் நம்பிக்கை | உழைப்பு, அறிவு, மரணம் | மாஸ்டர் நாற்காலி வரை ஏழெட்டு வருடம் |
| ராயல் ஆர்ச் | மாஸ்டர் மேசன், சில மரபுகளில் மார்க்கும் | கடவுள் நம்பிக்கை | தொலைந்ததை மீட்பது | நீண்ட மனப்பாடம், மூன்று தலைமைப் பதவிகள் |
| மார்க் | மாஸ்டர் மேசன் | கடவுள் நம்பிக்கை | ஒதுக்கப்பட்ட உழைப்பின் மதிப்பு | ஆர்க் மரினர் என்ற அடுத்த ஃபாரம் |
| ஏன்ஷியன்ட் அண்ட் அக்செப்டட் ரைட் | மாஸ்டர் மேசன், பெரும்பாலும் அழைப்பு | மரபுக்கு மரபு மாறும் | நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு | எண் மீது வரும் ஆசை |
| நைட்ஸ் டெம்ப்ளர் | ராயல் ஆர்ச் | கிறிஸ்தவ நம்பிக்கை | யாத்திரை, காவல், தவம் | அங்கி, வாள், மே மாத வெயில் |

மூன்றோடு நிற்பது

இதை யாரும் ஒரு தேர்வாகவே எண்ணுவதில்லை, ஃபாரம் நிரப்பாமல் விட்டால் மிஞ்சுவது என்றுதான் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

முதல் டிகிரி கரடுமுரடான கல்லைக் காட்டி ‘இது நீ’ என்கிறது. 24 அங்குல அளவுகோலைக் கையில் கொடுத்து, ஒரு நாளின் 24 மணி நேரத்தைப் பிரார்த்தனைக்கும் உழைப்புக்கும் ஓய்வுக்கும் பிறர் துன்பத்துக்கும் எப்படிப் பங்கு வைக்கிறாய் என்று கேட்கிறது. இரண்டாவது, படிப்பு. மூன்றாவதில் சாலமோன் கோயிலைக் கட்டிய தலைமைச் சிற்பி ஹிராம் அபிஃப் வருகிறார். ரகசியத்தைக் கேட்டு மிரட்டும் மூன்று பேரிடம் வாயைத் திறக்காமல் உயிரை விடுகிறார். அவரோடு உண்மையான சொல்லும் தொலைந்து போகிறது. அதற்குப் பதிலாக வேறொரு சொல் தற்காலிகமாகப் புழக்கத்துக்கு வருகிறது. கதை அங்கேயே நிற்கிறது. மனசுக்கு ஒப்பாத முடிவு, வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

ஒரு டிகிரியை வாங்கும்போது அதில் பாதிகூடக் காதில் விழுவதில்லை. அடுத்து என்ன செய்வார்களோ என்ற பயத்திலேயே நேரம் போய்விடும். அதை இன்னொருவருக்குக் கொடுக்கும்போதுதான் புரிகிறது. நான் மூன்றாவதை வாங்கியது முதல் வருடம். அதில் ஒரு பகுதியை நானே ஒரு புதியவருக்குச் சொல்லி நடத்தியது ஐந்தாவது வருடம். அன்று கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அந்தத் தரையில் நின்று, எதிரே கண்ணை இறுக மூடியிருந்தவரின் முகத்தைப் பார்த்தபடி மரணத்தைப் பற்றிய அந்த வரிகளைச் சொன்னபோது எனக்கே தொண்டை அடைத்தது. அப்பா இறந்த வருடம் அது.

ஸ்டூவர்டில் தொடங்கி, வருடத்துக்கு ஒரு பதவியாக டீக்கன், வார்டன் என்று நகர்ந்து மாஸ்டர் நாற்காலிக்கு வர ஏழெட்டு வருடம் பிடிக்கும். சின்னக் குழந்தை இருக்கும் வீடு, ஷிஃப்ட் வேலை, டோம்பிவிலிக்கு அப்பால் குடியிருப்பு, இதில் எது இருந்தாலும் இந்த ஏழெட்டு வருடமே போதும். வேறு எதுவும் வேண்டாம்.

ராயல் ஆர்ச்

தொலைந்த சொல்லோடு நின்ற கதையின் மறுபாதி இங்கே இருக்கிறது. அதனால்தான் 1813 ஒப்பந்தம் இதை மூன்றுக்குள்ளேயே திணித்தது. 1740களிலிருந்தே அயர்லாந்தில் இதன் பெயர் அடிபடுகிறது.

இங்கிலாந்து மரபில் களம், பாபிலோனியச் சிறையிலிருந்து யூதர்கள் திரும்பிய காலம். பாரசீக மன்னன் சைரஸ் அனுமதி கொடுக்கிறான், செருபாபேலின் தலைமையில் இடிந்த கோயிலைத் திரும்பக் கட்ட வருகிறார்கள். (சைரஸ் பெயர் வரும்போதெல்லாம் எங்கள் சாப்டரின், ராயல் ஆர்ச் சபைக்கு அதுதான் பெயர், பார்சிப் பெரியவர் ஒருவர் நிமிர்ந்து உட்காருவார்.) வேலை கேட்டு வரும் வெளியூர்க்காரர்களுக்குக் கிடைப்பது மிகக் கீழான வேலை, இடிபாடுகளை அள்ளுவது. மண்ணை அள்ளும்போதுதான் அடியில் ஒரு நிலவறை தட்டுப்படுகிறது. அயர்லாந்து மரபில் களமே வேறு, யோசியா மன்னன் கோயிலைப் பழுது பார்த்த காலம் அது.

இந்தக் கதை தமிழனுக்கு எங்கேயோ கேட்டதாகப் படும். தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த அறை, மூவரின் திருமேனிகளைக் கொண்டுவந்து நிறுத்தித் திறக்க வைத்த ராஜராஜன், உள்ளே புற்று மூடி கறையான் அரித்துப் போட்ட தேவார ஏடுகள், மிஞ்சியவை மட்டும் போதும் என்ற குரல். நம்பியாண்டார் நம்பியின் கதையைப் பாட்டி மடியில் கேட்டவனுக்கு ராயல் ஆர்ச்சின் பாடத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. தொலைந்தது முழுசாகத் திரும்ப வராது. கிடைத்ததைக் கொண்டு கட்ட வேண்டும், அதுவும் குப்பை அள்ளுபவன் கையில்தான் கிடைக்கும். எல்லா டிகிரிகளிலும் என்னைத் தூக்கம் வராமல் செய்தது இதுதான்.

கஷ்டம் என்ன? மனப்பாடம். மூன்று தலைவர்களுக்கும் நீளமான உரைகள். ஆள் குறைவான சாப்டரில் சேர்ந்தால் இரண்டாம் வருடமே ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். கூட்டங்கள் குறைவுதான், ஆனால் ஒத்திகை வீட்டு மாலைகளைத் தின்னும். குறைந்தது இரண்டு பேருக்கு மூன்றாவது டிகிரி நடப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள். கேள்வியே இல்லாதவனுக்குப் பதில் எதற்கு?

இதில் ஒரு பொறி உண்டு. 1961 நவம்பர் 24 அன்று டில்லியில் கிராண்ட் லாட்ஜ் ஆஃப் இந்தியா உருவானபோது, ஏற்கெனவே இருந்த லாட்ஜுகளுக்கு இதில் சேரலாம், அல்லது பழைய இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து சாசனங்களிலேயே நீடிக்கலாம் என்று வாய்ப்பு இருந்தது. நீடித்தவையும் உண்டு. ஸ்காட்லாந்து, அயர்லாந்து மரபுகளில் மார்க் முடிக்காமல் ராயல் ஆர்ச்சில் சேர முடியாது. இங்கிலாந்து மரபில் அந்தக் கட்டாயம் கிடையாது. நீங்கள் சேரப் போகும் சாப்டர் எந்தச் சாசனத்தில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். கேட்காமல் பணம் கட்டி, அப்புறம் ‘முதலில் மார்க் முடித்து வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பப்பட்டவரை எனக்குத் தெரியும்.

மார்க்

சின்ன டிகிரி, மறக்க முடியாத டிகிரி. 1769 செப்டம்பரில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் தாமஸ் டன்கர்லி என்ற மேசன் இதைச் சிலருக்கு வழங்கிய குறிப்பு இருக்கிறது. இங்கிலாந்தில் இதற்குத் தனி கிராண்ட் லாட்ஜ் 1856இல் வந்தது.

அந்தக் காலத்தில் கல்தச்சர் ஒவ்வொருவரும் தான் செதுக்கிய கல்லில் தன் குறியைப் பொறிப்பார். கூலி வாங்க அதுதான் சாட்சி, கல் கோணலாக இருந்தால் பிடிபடவும் அதுதான் சாட்சி. டிகிரியில் சேருபவர் தனக்கென ஒரு குறியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அது பதிவேட்டில் ஏறும். என்ன போடுவது என்று நான் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் உதவியது சாப்பாட்டு டப்பா. முலுண்டிலிருந்து என் ஆபீஸுக்கு வந்த டப்பாவின் மூடியில் பெயின்ட்டால் எழுதிய நாலு எழுத்தும் எண்ணும். எந்த ஸ்டேஷன், எந்தக் கட்டடம், எந்த மாடி என்பதெல்லாம் அந்த நாலு கிறுக்கலில். அதை எழுதியவர் பெயர் எனக்குத் தெரியாது, ஆனால் ஒரு நாளும் வேறு வீட்டுச் சாம்பார் எனக்கு வந்ததில்லை. அந்தக் கிறுக்கலில் ஒரு கோணத்தை எடுத்துத்தான் என் குறியாக வைத்துக்கொண்டேன்.

கதை ஒரு கல்லைப் பற்றியது. ஒருவன் அழகாகச் செதுக்கிய கல், சதுரமாகவும் இல்லை நீள்சதுரமாகவும் இல்லை என்று மேஸ்திரிகளால் குப்பையில் வீசப்படுகிறது. வளைவை மூட வேண்டிய நாள் வருகிறது. கட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளிய கல்லே தலைக்கல் ஆனதாகச் சொல்லும் 118ஆம் சங்கீதத்தைத் தெரிந்தவர்களுக்கு மீதி புரியும். நம் கோயில்கள் தூணும் உத்திரமுமாக எழுந்தவை, வளைவின் உச்சியில் ஆப்பு மாதிரி உட்காரும் கல் நமக்குப் பழக்கமில்லாதது. கோட்டைப் பகுதியின் பழைய கட்டடங்களில் ஜன்னல் வளைவுகளை அண்ணாந்து பாருங்கள், உச்சியில் அந்தக் கல் தெரியும்.

ஆபீஸில் நம் வேலைக்கு இன்னொருவர் பெயர் போட்டுக்கொண்ட அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த டிகிரி நேராக நெஞ்சில் இறங்கும். அதே டிகிரி, செய்யாத வேலைக்குக் கூலி கேட்டு நீட்டும் கையையும் விடுவதில்லை. அந்தப் பகுதியில்தான் எனக்கு வியர்த்தது.

மார்க்கில் சேர்ந்ததும் ராயல் ஆர்க் மரினர் என்ற இன்னொரு ஃபாரம் வரும். நோவாவின் பேழைக் கதை, வானவில் நிற விளிம்பு வைத்த ஏப்ரன். பாகவதத்தில் மீன் வடிவில் வந்த திருமால் பிரளயத்திலிருந்து காப்பாற்றும் சத்தியவிரதன் திராவிட தேசத்து மன்னன், கிருதமாலா நதிக்கரையில் நின்றவன். அதைத் தங்கள் கிருதுமால் என்று உரிமை கொண்டாடும் மதுரைக்காரர்களுக்குச் சுவாரசியமாக இருக்கும். மற்றவர்கள் அவசரப்பட வேண்டாம்.

ஏன்ஷியன்ட் அண்ட் அக்செப்டட் ரைட்: 4 முதல் 33 வரை

அமெரிக்காவில் இதற்கு ஸ்காட்டிஷ் ரைட் என்று பெயர். ஸ்காட்லாந்தில் பிறந்ததல்ல. வேர் பிரெஞ்சு டிகிரிகளில் இருக்கிறது. 33 டிகிரி கொண்ட முதல் சுப்ரீம் கவுன்சில், அதாவது தலைமைக் குழு, 1801 மே 31 அன்று அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் கூடியது.

பையன் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கே. அமெரிக்காவில் 4 முதல் 32 வரையிலான டிகிரிகளை உடை, விளக்கு, மேடை என்று நாடகமாகவே நடத்துவார்கள், சில இடங்களில் ஒரே வாரக் கடைசியில் பெரும்பகுதி முடிந்துவிடும். நான்காவது கடமையையும் மௌனத்தையும் சொல்லும், முப்பதாவது கொடுங்கோன்மைக்கு எதிராக நிற்கச் சொல்லும், முப்பத்தொன்றாவது நீதி. இங்கிலாந்து மரபில் 4 முதல் 17 வரை பெயரளவில் மட்டும் கொடுத்துவிட்டு, ரோஸ் க்ரோவா எனப்படும் 18ஆவதை மட்டும் முழுச் சடங்கோடு நடத்துகிறார்கள். 19 முதல் 29 வரையும் பெயரளவில்தான். ‘எங்க போச்சு’ என்ற கேள்விக்கு அவர் ஏன் சிரித்தார் என்று இப்போது தெரிந்திருக்கும்.

பதினெட்டாவதின் பாடம் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. இருட்டில் அலைந்து வெளிச்சத்துக்கு வருவது. அதில் இருக்கும் என் நண்பர்கள் மிகவும் அழகான சடங்கு என்கிறார்கள், பொய் சொல்லக் காரணமில்லை. ஆனால் இங்கிலாந்தில் இதற்குத் திரித்துவத்தை ஏற்கும் கிறிஸ்தவராக இருக்க வேண்டும். அமெரிக்காவில் அப்படி இல்லை. எனவே அழைக்கிறவரிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள், சங்கோஜப்படாதீர்கள். மும்பையில் இது பழைய கேள்வி. மானக்ஜி கர்செட்ஜி என்ற பார்சிக்கு மேசனாவதற்கு இங்கே கதவு திறக்கவில்லை, பாரிஸுக்குப் போய்ச் சேர்ந்து வந்தார். அதன் பிறகு 1843இல் ஜேம்ஸ் பர்ன்ஸ் முன்நின்று, இந்தியர்களைச் சேர்ப்பதற்கென்றே ‘ரைசிங் ஸ்டார் ஆஃப் வெஸ்டர்ன் இந்தியா’ என்ற லாட்ஜை ஸ்காட்லாந்துச் சாசனத்தில் பம்பாயில் தொடங்கினார். இன்று நம் லாட்ஜ் பீடங்களில் கீதை, குர்ஆன், பைபிள், ஜெந்த் அவெஸ்தா, குரு கிரந்த சாகிப் என ஐந்தும் விரிந்திருப்பது அந்தச் சண்டைகளையெல்லாம் தாண்டி வந்துதான்.

இந்த வழியின் மறைமுகச் செலவு மனசு சம்பந்தப்பட்டது. எண் இருக்கும் இடத்தில் ஆசை வரும். 33 விண்ணப்பித்து வாங்குவதல்ல, மிகச் சிலருக்குத் தேடி வருவது. அது வராத வருத்தத்தில், சேர்ந்த காரணத்தையே மறந்துபோன பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். வாட்ஸாப்பில் ‘பணம் அனுப்பினால் 33ஆவது டிகிரி, இல்லுமினாட்டி உறுப்பினர் அட்டை’ என்று வருவதெல்லாம் பச்சை மோசடி. இல்லுமினாட்டி 1776இல் பவேரியாவில் தொடங்கி, பத்து வருடம் ஆவதற்குள் அரசுத் தடையில் முடிந்துபோன சங்கம்.

இந்த ரைட்டின் அமெரிக்கத் தலைவர்களில் ஒருவரான ஆல்பர்ட் பைக்கின் 1871ஆம் வருடப் பெரும் புத்தகத்தை இரவல் வாங்கி, முன்னூறு பக்கம் தாண்டியும் ஆசை அடங்காதவர்கள் இந்த வழிக்குப் பிறந்தவர்கள். ஒப்பிட்டுச் சமயம் படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இங்கே தீனி அதிகம். மற்றவர்கள் ஐந்து வருடம் கழித்து யோசிக்கலாம்.

நைட்ஸ் டெம்ப்ளர்

சுருக்கமாகவே சொல்கிறேன், எனக்கு அந்தக் கதவு இல்லை. ராயல் ஆர்ச் முடித்த கிறிஸ்தவர்களுக்கானது. யாத்திரிகனாக நடந்து, வீரனாகக் காவல் நின்று, தவத்தில் அமரும் வரிசை. வாளும் வெள்ளை அங்கியும் உண்டு. மே மாதத்தில் அந்த அங்கியை மாட்டிக்கொண்டு, மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலிக்காகப் போட்டி நடக்கும் என்று சொல்லிச் சிரிப்பார் என் திருநெல்வேலி நண்பர்.

பழைய டெம்ப்ளர் வீரர்களின் நேரடி வாரிசுகள் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகருங்கள். அந்த அமைப்பைப் போப் 1312இல் கலைத்துவிட்டார். மேசன்களுக்கும் சிலுவைப் போர் வீரர்களுக்கும் முடிச்சுப் போட்டது 1736–37 வாக்கில் பாரிஸில் ஷெவாலியே ராம்சே என்பவர் எழுதிய ஓர் உரை. மேசன் சபையில் டெம்ப்ளர் டிகிரி கொடுத்ததற்கான பழைய குறிப்பு 1769இல் பாஸ்டனில்தான் கிடைக்கிறது.

திருநெல்வேலிக்காரர் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவர். அவருக்கு இது ஞாயிறு காலையின் நீட்சி. கத்தோலிக்கர்களின் நிலை வேறு. எந்த மேசன் சபையில் சேருவதும் பெரும்பாவம், நற்கருணை பெற முடியாது என்பது 1983இல் வத்திக்கான் வெளியிட்ட தீர்ப்பு, 2023இலும் அதை உறுதி செய்தார்கள். இது முதல் டிகிரியிலேயே யோசித்திருக்க வேண்டிய விஷயம். வீட்டில் அம்மா பங்குத் தந்தையிடம் போய் நிற்கும் நாள் வந்த பிறகு யோசித்துப் பலனில்லை.

எல்லாவற்றிலும் சேர்ந்தால் என்ன?

எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டே வருடத்தில் ஐந்து அமைப்புகளில் சேர்ந்தார். பீரோவில் ஐந்து ஏப்ரன், மாதத்தில் ஐந்தாறு மாலை. மூன்றாம் வருடம் மகளுக்குப் பத்தாம் வகுப்பு. ஒவ்வொன்றிலும் சந்தா பாக்கி விழுந்தது, நினைவூட்டுக் கடிதம் வந்தது, வெட்கத்தில் தாய் லாட்ஜுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். அவர் பாக்கி வைத்த தொகை பெரிதல்ல. நேரில் வந்து சொல்லியிருந்தால் தவணை கொடுத்திருப்பார்கள்.

ஆகவே என் சிபாரிசு இது: முதல் இரண்டு வருடம் எந்த ஃபாரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். பிறகு ராயல் ஆர்ச் (சாசனம் கேட்டால் அதற்கு முன் மார்க்). மற்றவற்றுக்கு ஆள் வந்து கூப்பிட்டால் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: வருடத்தில் எத்தனை கூட்டம், உடைக்கு மட்டும் மொத்தம் எவ்வளவு ஆகும், விலக வேண்டுமானால் எப்படி. மூன்றாவதுக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் அமைப்பு பொதுவாக நல்ல அமைப்பு.

இத்தனையையும் அந்தப் பையனிடம் சிஎஸ்எம்டியில் ஆரம்பித்துக் காட்கோபர் தாண்டும்வரை சொல்லிக்கொண்டு வந்தேன். அவன் மனைவிக்கு ஜனவரியில் பிரசவம் என்பதை அப்போதுதான் சொன்னான். பையிலிருந்து நாலு ஃபாரத்தையும் எடுத்து, மடித்து, ரிச்சுவல் புத்தகத்துக்குள் அடையாளமாக வைத்தான். மூன்றாவது டிகிரியின் வேலைக் கருவிகள் வரும் பக்கம்.

“அண்ணா, இதை மனப்பாடம் பண்ணப் போறேன். அடுத்த வாரம் இதே ட்ரெயின்ல வந்தா கேக்கறீங்களா?”

தாதருக்குள் முடித்துவிடலாம் என்றேன். அதற்கப்புறம் கூட்டத்தில் உதடு அசைக்கக்கூட இடம் இருக்காது.